அப்லேஷனுக்குப் பின்னரும் தவறித் துடித்த இதயம்: என்னிடம் எவரும் முன்கூட்டிச் சொல்லாதவை

என் இதயத்தில் அப்லேஷன் செய்யப்பட்டது 2024 மார்ச் 12 ஆம் திகதி, கொழும்பில். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது கையில் தந்த தாளில் ஆறு குளிசைகளின் பெயர்களும், மூன்று மாதத்துக்குப் பிந்திய ஒரு கிளினிக் திகதியும் மாத்திரமே இருந்தன. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனிப் பயமில்லை என்று வாயால் சொன்னார்கள். இடைப்பட்ட மூன்று மாதத்தில் என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்கு வயது 53. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார், மகள் பேராதனையில் படிக்கிறாள். மட்டக்களப்பு எழுவான்கரையின் தெற்கே ஒரு கிராமத்தில் 79 வயது மாமியுடன் இருந்துகொண்டு, கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதுகிறேன். கணக்கெழுதிப் பழகிய கை என்பதால், அந்த மூன்று மாதத்தில் வீணாய்ப்போன பணத்தையும் நாட்களையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகளான சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதால் நாடி தாறுமாறாக ஓடும். அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இந்த நடுக்கத்தைத் தொடக்கிவைக்கும் மின்பொறிகள் பெரும்பாலும் இடது சோணையறைக்குள் வந்து சேரும் நுரையீரல் நாளங்களின் வாயிலிருந்தே கிளம்புகின்றன என்பதை, பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஹைசகெர் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் 1998 இல் எடுத்துக்காட்டினார்கள். தொடை இடுக்கிலுள்ள நாளத்தின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த நாள வாய்களைச் சுற்றி வேலி போட்டதுபோலச் சுட்டு வடுவாக்கிவிடுவதே அப்லேஷன். சுட்ட இடம் வடுவாக இறுகுவதற்கு வாரக்கணக்கில் செல்லும் என்பதும், அதுவரை அந்த இடம் வீங்கி, சினந்து, தானே சில தவறான துடிப்புகளைக் கிளப்பும் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கியது. காலில் பட்ட சுட்ட புண் ஆறுவதற்கு எத்தனை நாள் செல்லும் என்று தெரிந்த எனக்கு, இதயத்தில் சுட்டது மட்டும் மறுநாளே ஆறிவிடும் என்று எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றுமில்லை. வலது தொடை இடுக்கில் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கையளவு கண்டல் இருந்து, மஞ்சளாகி மறைந்தது. ஒரு விடயம் மாத்திரம் உறுத்தியது. முன்பெல்லாம் ஓய்வாக இருக்கும்போது 62 ஆக இருந்த நாடி இப்போது 76 இற்குக் கீழே இறங்கவே இல்லை. அப்லேஷன் நடக்கும்போது இதயத்தைச் சுற்றியுள்ள, துடிப்பைத் தணித்து வைக்கும் சில நரம்பு முடிச்சுகளும் சேர்ந்து சுடப்படுவதால் பலருக்கு இப்படி நாடி சிறிது கூடும் என்றும், அது மாதக்கணக்கில் நீடிக்கலாம் என்றும் பின்னர் ஒரு வைத்தியர் விளக்கினார். அதை அறியாமல், ஒரு நாளைக்கு இருபது தடவை நாடி பார்த்து நானே அதை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதக் கடைசியில் துடிப்புகள் தவறத் தொடங்கின. படுக்கையில் இடப்பக்கம் திரும்பினால் போதும், தலையணைக்குள் கேட்கும். டக், டக், பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் இடைவெளி, அதன் பின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு உதை. அந்த இடைவெளி ஒரு செக்கன் கூட இராது; ஆனால் அதற்குள் என் பிள்ளை, கணவர், மாமிக்குக் கொடுக்க வேண்டிய காலை மருந்து எல்லாம் மனதில் வந்து போகும். ஏப்ரல் 1 ஆம் திகதி இரவு 2 மணி 10 நிமிடத்துக்கு அது நிற்காமல் வந்தது. கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரலில் மாட்டும் ஒட்சிமானியை எடுத்து மாட்டினேன். நாடி 41 என்று காட்டியது. கழற்றி மற்றக் கையில் மாட்டினேன், மறுபடியும் 41. இதயம் நிற்கப்போகிறது என்றே நினைத்தேன். முன்வீட்டுத் தம்பியை எழுப்பி, அவருடைய முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குப் போனேன். வாசலில் நின்ற மாமி, "புள்ள, சேலைய மாத்திட்டுப் போ கா, நைட்டியோட போறாய்" என்று கத்தியது மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அன்றிரவு கடமையில் இருந்த இளம் வைத்தியர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, என் விரலில் இருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அம்மா, இந்த மிசின் சொல்லுறத நம்பாதீங்க. ரெண்டு விரல மணிக்கட்டில வைச்சு ஒரு முழு நிமிசம் எண்ணுங்க" என்றார். ஈ.சி.ஜி.யில் என் இதயம் நிமிடத்துக்கு 82 தடவை துடித்துக்கொண்டிருந்தது. ஒன்றுவிட்ட ஒரு துடிப்பு நேரத்துக்கு முந்தி வந்திருந்தது; எக்டோபிக் என்று அதற்குப் பெயர். முந்தி வரும் துடிப்பின்போது இதயவறைக்குள், அதாவது இதயத்தின் கீழறைக்குள், இரத்தம் நிறைந்திராததால், விரல் நுனிவரை அலை வந்து சேராது. கருவிக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே 82 ஐப் பாதியாக்கி 41 என்று காட்டியிருக்கிறது. முந்திய துடிப்புக்குப் பின்னர் ஓர் இடைவெளி விழும். அந்த நேரத்தில் அறை வழமையை விட அதிகமாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக வரும். நான் உதை என்று பயந்தது, உண்மையில் இதயம் நிறைந்த இரத்தத்தோடு சரியாகத் துடித்த துடிப்பையே. கையில் கட்டும் தானியங்கிக் குருதியழுத்தமானியும் இதே பிழையை விடும். இப்படியான துடிப்பு உள்ளவர்கள் அந்த இலக்கத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு முழு நிமிடம் விரலால் எண்ணுங்கள், சந்தேகமென்றால் ஈ.சி.ஜி. எடுங்கள்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பின்னரும் நான் அடங்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்லேஷன் பிழைத்துவிட்டது என்ற எண்ணம் மனதில் ஊன்றிவிட்டது. ஏப்ரலில் 48,000 ரூபா கொடுத்து வான் பிடித்து, 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கொழும்புக்குப் போய், ஒரு வைத்தியரைச் சனல் செய்து, அதாவது தனியாரில் பணம் கட்டி முன்பதிவு செய்து பார்த்தேன். ஆறு நிமிடம் பார்த்தார். "மூன்று மாதம் பொறுங்கள்" என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்த ஒரு வசனத்தை வீட்டுக்கு அனுப்பிய அன்றே தாளில் எழுதித் தந்திருந்தால் எனக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று திரும்பி வரும் வழியில் ஹபரணையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது அழுதேன். அப்படியிருந்தும் மே மாதம் மறுபடியும் வான் பிடித்தேன். வான் இரண்டு தடவைக்கு 96,000, தனியார் வைத்தியசாலையொன்றில் ஓரிரவு படுத்ததற்கு 38,000, தங்குமிடம் 14,000, ஐந்து சனல் 15,000, ஹோல்டர் என்ற 24 மணி நேரத் துடிப்புப் பதிவு 15,000, எக்கோ என்ற இதய ஸ்கேன் 8,000. மொத்தம் 1,86,000 ரூபா. இதில் எனக்கு உண்மையில் பயன்பட்டது ஹோல்டருக்குக் கொடுத்த 15,000 மாத்திரமே. கட்டாரில் வெயிலில் நிற்கும் மனிதருக்கு இந்தத் தொகையைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் சென்றது.

நடுவில் ஏப்ரல் 14, புத்தாண்டுக்கு அடுத்த நாள், உண்மையான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனே திரும்பி வந்தது. எக்டோபிக்கையும் இதையும் விரலாலேயே பிரித்தறியலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. எக்டோபிக் வரும்போது அடியில் ஓர் ஒழுங்கு ஓடிக்கொண்டிருக்கும், நடுவே ஒன்று சறுக்கும். இதிலோ ஒழுங்கு என்று எதுவுமே இராது, பையிலிருந்து நெல் கொட்டுவதுபோல நாடி ஓடும். நிமிடத்துக்கு 130, நாலரை மணி நேரம் நீடித்து, வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருக்கும்போதே தானாக அடங்கியது. அப்லேஷனுக்குப் பிந்திய முதல் மூன்று மாதத்தில் இப்படித் திரும்பி வருவதை உடனே தோல்வி என்று வைத்தியர்கள் கணக்கெடுப்பதில்லை. இப்போதைய சில வழிகாட்டல்கள் இந்தக் காலத்தை எட்டு வாரமாகக் குறைத்திருக்கின்றன. எனவே அந்தக் காலத்துக்குள் வருவதை வைத்து மனம் உடைந்துபோக வேண்டாம். ஆனால் திகதியையும் நேரத்தையும் குறித்து, ஈ.சி.ஜி.யில் பதியச் செய்துவிடுங்கள். முடிவெடுக்கும் நாள் வரும்போது அது தேவைப்படும்.

ஈ.சி.ஜி. தாளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது வெப்பத்தில் கறுக்கும் தாள். நாள்பட எழுத்து மங்கிவிடும். அன்று எடுத்த அருமையான ஆதாரத்தைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து ஒரு கடையில் லெமினேட் செய்யக் கொடுத்தேன். இயந்திரத்தின் மறுபக்கத்தால் முழுக் கறுப்பாக வெளியே வந்தது. கடைக்காரப் பையனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எடுத்த உடனேயே கைத்தொலைபேசியில் படம் பிடித்து, ஒரு போட்டோகொப்பியும் எடுத்து வையுங்கள். ஓர் ஒழுங்கான நாளில் எடுத்த ஈ.சி.ஜி.யும் எப்போதும் கிளினிக் கொப்பிக்குள் இருக்கட்டும். புதிதாகப் பார்க்கும் வைத்தியர் முதலில் கேட்பது பழையதைத்தான்.

ஹோல்டர் என்பது நெஞ்சில் ஒட்டிய கம்பிகளோடு இடுப்பில் தொங்கும் சிறு பெட்டி. 24 மணி நேரத் துடிப்பையும் பதியும். துடிப்பு தவறுவதாக உணரும் ஒவ்வொரு தடவையும் நேரத்தை எழுதச் சொன்னார்கள். நான் 37 தடவை எழுதியிருந்தேன். அறிக்கை வந்தபோது மொத்தத் துடிப்பு 1,11,840. அதில் இதயவறையிலிருந்து வந்த எக்டோபிக் 1,126, அதாவது ஏறத்தாழ 1 சதவீதம். சோணையறையிலிருந்து வந்தது அதைவிடக் கூட. நான் உணர்ந்ததாக எழுதிய 37 இல் 9 இடங்களில் இதயம் எந்தப் பிழையுமின்றி ஒழுங்காகத் துடித்திருக்கிறது. ஆயிரக்கணக்கானவற்றை நான் உணரவே இல்லை; உணர்ந்ததில் காற்பங்கு இல்லாததொன்று. அந்த அறிக்கையைப் பார்த்த பின்னர்தான் என் நெஞ்சு சொல்வதையெல்லாம் அப்படியே நம்பும் பழக்கம் விட்டுப்போனது. இதயத்தின் அமைப்பும் பலமும் சாதாரணமாக இருக்கும்போது ஒரு சதவீத எக்டோபிக் ஆபத்தில்லை என்றும், இதயவறை எக்டோபிக் 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது இதயத்தைக் களைக்கச் செய்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பார்கள் என்றும் வைத்தியர் சொன்னார். ஹோல்டர் போட்டால் உங்கள் வீதம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

துடிப்பைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நான், உண்மையில் ஆபத்தான ஒரு பிழையை வேறிடத்தில் விட்டேன். இரத்தம் கட்டியாகாமல் இருக்க எனக்கு வார்ஃபரின் தரப்பட்டிருந்தது. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் செல்கிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையில் அது 2 இற்கும் 3 இற்கும் இடையில் நிற்க வேண்டும். இதயத்துக்கு நல்லது என்று நானே தீர்மானித்து, ஏப்ரல் முழுவதும் முருங்கையிலைச் சுண்டல், பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல் என்று நாள் தவறாமல் சாப்பிட்டேன். கீரைகளிலுள்ள உயிர்ச்சத்து கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். ஐ.என்.ஆர். 1.4 இற்கு இறங்கியிருந்தது. அதாவது அப்லேஷனுக்குப் பிந்திய, கட்டி உருவாகும் ஆபத்து கூடிய அந்த வாரங்களில் நான் போதிய பாதுகாப்பின்றி நடமாடியிருக்கிறேன். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதே அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள், அதற்கேற்ப மருந்தின் அளவை அவர்கள் சரிசெய்வார்கள். மறுபுறம், துடிப்பை ஒழுங்காக்கத் தரும் அமியோடரோன் வார்ஃபரினின் வேலையைக் கூட்டும். அதை அவர்கள் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஐ.என்.ஆர். அடிக்கடி பார்க்கப்பட வேண்டும். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றவற்றைப் பார்மசியில் கேட்டு வாங்குவதும், பரிகாரியாரிடம் கஷாயம் வாங்குவதும், கிளினிக்கில் சொல்லாமல் செய்யக்கூடாதவை. அமியோடரோன் எடுப்பவர்களுக்கு வெயில் ஆகாது, தோல் கன்றிவிடும். தைரொயிட்டையும் ஈரலையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். நான் குடையில்லாமல் வெளியே போனதேயில்லை.

மே மாதத்தில் கச்சான் காற்று தொடங்கியது. அந்த வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது, உடல் காய்ந்துவிடும். கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போய் நின்று வந்த மறுநாள் வயிற்றோட்டமும் சேர்ந்துகொள்ள, எக்டோபிக் மழைபோலக் கொட்டியது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இரத்தம் சோதித்தபோது பொட்டாசியம் 3.2, அது 3.5 இற்குக் குறையக்கூடாது. பொட்டாசியம் ஏற ஏறத் துடிப்புகளும் அடங்கின. இன்று வயிறு குழம்பினால் முதல் வேலையாக ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் குடித்துவிட்டு, இரத்தமும் சோதித்துக்கொள்கிறேன். இளநீரில் பொட்டாசியம் உண்டென்று கேள்விப்பட்டுக் குலை குலையாக வாங்கிக் குடிக்க வேண்டாம். லோசாட்டன் போன்ற குருதியழுத்தக் குளிசைகள் பொட்டாசியத்தைக் கூட்டும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்தாகிவிடும். மற்றபடி, எனக்குத் துடிப்பைக் கூட்டியவை நித்திரைக் குறைவும், இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டதும், தண்ணீர் குடிக்காததும். தேத்தண்ணீரை ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன், தலையிடி வந்ததைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை.

இரவுகள்தான் கடினம். படுத்தால் துடிப்பு கேட்கும் என்று பயந்து, விறாந்தையில் கதிரையில் இருந்தபடியே பல நாள் விடியவிட்டிருக்கிறேன். கணவர் அழைக்கும்போது நல்ல குரலில் பேசிவிட்டு, தொலைபேசியை வைத்ததும் நாடியைப் பிடிப்பேன். மகளுக்குச் சொன்னால் படிப்பு கெடும் என்று மறைத்தேன். கடைசியில் அவளே கொப்பியைக் கண்டுபிடித்து, "ஏனம்மா தனியக் கிடந்து சாகிறீங்க" என்று சண்டை பிடித்தாள். அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: நாடி காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அதற்கு மேல் தொடக்கூடாது. ஒட்சிமானியை அவளே பேராதனைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வலப்பக்கம் சரிந்து, தலையை உயர்த்திப் படுப்பதும், மூச்சை மெதுவாக நீட்டி விடுவதும் எனக்கு உதவின. துடிப்பை அவை நிறுத்தவில்லை. ஆனால் நித்திரை வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாத் துடிப்பையும் அலட்சியம் செய்துவிடாதீர்கள். மயங்கி விழுதல், நெஞ்சு நோ, படுக்க முடியாத மூச்சுத்திணறல், ஓய்விலும் 120 இற்கு மேல் நின்று இறங்காத நாடி, முகம் கோணுதல், கை கால் விறைத்தல், பேச்சுக் குழறுதல், தொடை இடுக்கில் திடீரெனப் பெருக்கும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே போக வேண்டும். நள்ளிரவில் வாகனம் தேடி அலைய வேண்டியதில்லை, 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எனக்கு அது இரண்டாவது வான் பயணத்துக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இன்னொன்று மிக அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். இடது சோணையறைக்குப் பின்னால் உணவுக் குழாய் ஒட்டியபடி செல்கிறது; அப்லேஷனின் சூடு அதையும் புண்ணாக்கி, இரண்டுக்கும் இடையில் ஓட்டை விழச் செய்யலாம். அப்லேஷன் செய்து முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சு நோ, தடுமாற்றம் என்பன வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று பனடோலோடு இருக்காமல் வைத்தியசாலைக்குப் போய், "எனக்கு இன்ன திகதி இதயத்தில் அப்லேஷன் செய்தது" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் எண்டோஸ்கோப்பிக்கு உடன்பட வேண்டாம், அந்த நிலையில் அது உயிராபத்தாக முடியலாம். அந்த ஒரு வரியைத் தாளில் எழுதி என் கிளினிக் கொப்பியின் முகப்பில் ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் நடுப்பகுதியில் கிளினிக்குக்கு உதயதேவி புகையிரதத்தில் போனேன். வானுக்கு ஆன செலவில் பத்தில் ஒன்று கூட ஆகவில்லை. இம்முறை கொப்பியோடு போனேன்: எந்தத் திகதியில் எத்தனை மணிநேரம், அன்று என்ன சாப்பிட்டேன், ஐ.என்.ஆர். எவ்வளவு, கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. வைத்தியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு இருபது நிமிடம் பேசினார். அமியோடரோனை நிறுத்தினார். துடிப்பு ஒழுங்காகிவிட்டதே, வார்ஃபரினையும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். அப்லேஷன் வெற்றியா தோல்வியா என்பதை வைத்து அது தீர்மானிக்கப்படுவதில்லை, எனக்கு உயர் குருதியழுத்தமும் நீரிழிவும் இருப்பதால் பக்கவாத ஆபத்து அப்படியே இருக்கிறது, ஆகவே தொடர வேண்டும் என்றார். ஏப்ரல் 14 இற்குப் பின்னர் ஃபிப்ரிலேஷன் வரவில்லை. எக்டோபிக் இன்னும் வருகிறது. கச்சான் காலத்தில் அதிகம், மாரியில் குறைவு. நேற்றிரவும் மூன்று நான்கு வந்தன. மாமி கட்டிலிலிருந்து, "என்ன புள்ள, நெஞ்சு இடிக்கா?" என்று கேட்டார். "இடிக்குது மாமி, நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.